சருமப் பூச்சுகளில் ஒவ்வாமை தரும் பதனப் பொருள்: தடைக்குப் பின்னும் தொடரும் கேள்விகள்

ஸ்விட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க் நகரில் ஒரு பேரங்காடிக்குச் சென்று முகத்துக்கோ கைகளுக்கோ பூசும் கிரீம் ஒன்றை வாங்குபவர், அதில் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதனப் பொருள் இருக்காது என்று சட்டப்படி எதிர்பார்க்கலாம். ஆனால் அதே அங்காடியின் அடுத்த வரிசையில் இருக்கும் பாத்திரம் கழுவும் திரவத்திலோ, தரை துடைக்கும் திரவத்திலோ, சுவருக்கு அடிக்கும் பெயின்ட்டிலோ அந்தப் பொருள் இருக்கக்கூடும். அதற்குத் தடை ஏதும் இல்லை.

எம்ஐ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த ரசாயனம், கடந்த இருபது ஆண்டுகளில் ஐரோப்பாவின் தோல் நோய் நிபுணர்களை மிகவும் கவலைக்குள்ளாக்கிய பொருட்களில் ஒன்று. அழகுசாதனப் பொருட்களைப் பொறுத்தவரை அந்தக் கவலைக்கு ஐரோப்பியச் சட்டங்கள் பெருமளவு பதில் தந்துவிட்டன. ஆனால் துப்புரவுப் பணியிலும், உணவக சமையலறைகளிலும், முதியோர் பராமரிப்பிலும் கணிசமான எண்ணிக்கையில் பணியாற்றும் ஸ்விட்சர்லாந்துத் தமிழர்களைப் பொறுத்தவரை, அந்தப் பதில் பாதிதான்.

பதனப் பொருள் எதற்கு?

தண்ணீர் கலந்த எந்தப் பூச்சும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் வளர ஏற்ற இடம். ஒரு கிரீம் டப்பாவைத் திறந்து விரலை விடும் ஒவ்வொரு முறையும் நுண்ணுயிரிகள் உள்ளே செல்கின்றன. அவற்றைத் தடுக்காவிட்டால் பூச்சு கெட்டுவிடும் என்பது மட்டுமல்ல, கண்ணிலும், தோலில் உள்ள காயங்களிலும் கடுமையான தொற்று ஏற்படலாம். ஆகவே பதனப் பொருளே வேண்டாம் என்று எந்த நிபுணரும் கூறுவதில்லை. எந்தப் பொருள், எவ்வளவு என்பதே கேள்வி.

எம்ஐ ஆரம்பத்தில் தனியாக வரவில்லை. 1980களில் இருந்து, மெத்தில்குளோரோஐசோதயசோலினோன் என்ற மற்றொரு பொருளுடன் சேர்ந்த கலவையாகவே அது அழகுசாதனப் பொருட்களில் பயன்பட்டு வந்தது. அக்கலவையில் அந்த மற்றப் பொருள் மூன்று பங்கும், எம்ஐ ஒரு பங்கும் இருக்கும். இக்கலவை ஒவ்வாமையை ஏற்படுத்துவது அந்தப் பத்தாண்டிலேயே தெரிய வந்தது. ஐரோப்பாவில் அதன் அளவு பத்து லட்சத்தில் 15 பங்கு என்று கட்டுப்படுத்தப்பட்டது.

அந்தக் கலவையில் அதிக வீரியம் கொண்டது மற்றப் பொருள்தான் என்பதால், எம்ஐயைத் தனியாகப் பயன்படுத்தினால் ஆபத்து குறைவு என்ற எண்ணம் உருவானது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஆலோசனை கூறும் விஞ்ஞானிகள் குழு 2004ம் ஆண்டில் இதற்கு இசைவு தெரிவித்தது. 2005ம் ஆண்டில், அழகுசாதனப் பொருட்களில் எம்ஐயைத் தனியாக, பத்து லட்சத்தில் 100 பங்கு வரை சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி அளித்தது.

பின்னால் வந்த சிக்கலின் வேர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பழைய கலவை 15 பங்கு என்றால், அதில் எம்ஐயின் அளவு நான்கில் ஒன்று, அதாவது நான்கு பங்குக்கும் குறைவு. புதிய அனுமதியோ 100 பங்கு. வீரியம் குறைந்த பொருள் என்பது உண்மையாக இருந்தாலும், மக்களின் தோலில் படக்கூடிய அளவு ஒரே முடிவில் இருபத்தைந்து மடங்குக்கும் மேல் உயர்ந்தது. குறைந்த வீரியத்தால் கிடைத்த நன்மையை அளவின் உயர்வு விழுங்கிவிட்டது.

வேறு இரண்டு காரணங்களும் சேர்ந்துகொண்டன. அதற்கு முன்னர் பரவலாகப் பயன்பட்ட மெத்தில்டைப்ரோமோ குளூட்டாரோநைட்ரைல் என்ற பதனப் பொருள், ஒவ்வாமை காரணமாகவே அதே காலகட்டத்தில் ஐரோப்பாவில் விலக்கப்பட்டு வந்தது. மறுபுறம், பாரபென் எனப்படும் பதனப் பொருட்கள் மார்பகக் கட்டிகளில் காணப்பட்டதாக பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிலிப்பா டார்ப்ர் தலைமையிலான ஆய்வாளர்கள் 2004ம் ஆண்டில் தெரிவித்திருந்தனர். பாரபென்களே புற்றுநோய்க்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் 'பாரபென் இல்லாதது' என்ற வாசகம் விற்பனைக்கு உதவும் முத்திரையாக மாறியது. காலியான இடத்தை நிரப்பிய பொருட்களில் எம்ஐயும் ஒன்று.

எச்சரிக்கை மணி

முதல் அறிகுறிகள் அழகுசாதனப் பொருட்களைப் பயன்படுத்தியவர்களிடம் இருந்து வரவில்லை, தொழிலாளர்களிடம் இருந்துதான் வந்தன. பெயின்ட் உள்ளிட்ட தொழில்துறைப் பொருட்களில் எம்ஐ ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டு வந்தது. அத்தகைய பொருட்களைக் கையாண்ட தொழிலாளர்கள் சிலருக்கு ஒவ்வாமை ஏற்பட்டிருப்பதை டென்மார்க் நாட்டு மருத்துவர்கள் 2006ம் ஆண்டில் பதிவு செய்தனர். அழகுசாதனப் பொருட்களுக்கான அனுமதி வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் எம்ஐ ஒவ்வாமையுடன் வருபவர்களின் எண்ணிக்கை வேகமாக உயர்ந்தது. அமெரிக்கத் தொடர்பு தோல் அழற்சிச் சங்கம், 2013ம் ஆண்டுக்கான 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று எம்ஐயை அறிவித்தது. அதே ஆண்டில் லண்டனில் உள்ள செயின்ட் ஜான்ஸ் தோல் நோய் நிலையத்தின் நிபுணர்கள் இதனை வெளிப்படையாக எச்சரித்தனர். 2014ம் ஆண்டில் பீடியாட்ரிக்ஸ் என்ற அமெரிக்க மருத்துவ இதழ், குழந்தைகளைத் துடைக்கும் ஈரத்தாள்களால் எம்ஐ ஒவ்வாமைக்கு உள்ளான ஆறு சிறார்களின் நிலையை வெளியிட்டது. அவர்களுடைய தோல் அழற்சி முதலில் வேறு நோய்களாகக் கருதப்பட்டு, அவற்றுக்கான சிகிச்சையே தரப்பட்டிருந்தது.

இவ்வாறு தவறாகக் கணிக்கப்படுவதற்கு இந்த ஒவ்வாமையின் இயல்பே காரணம். எம்ஐயின் மூலக்கூறு மிகச் சிறியது. தோலுக்குள் எளிதில் ஊடுருவி, அங்குள்ள புரதங்களுடன் இணைந்துகொள்கிறது. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு அதனை அந்நியப் பொருளாக அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கிறது. இந்த முதற்கட்டத்தில் வெளியில் எதுவும் தெரிவதில்லை. பின்னர் மீண்டும் அப்பொருள் படும்போது, ஒன்று முதல் மூன்று நாட்கள் கழித்தே அரிப்பும், தடிப்பும், நீர்க்கொப்புளமும் தோன்றுகின்றன. பல மாதங்கள் தொல்லையின்றிப் பூசிய ஒரு கிரீம்தான் காரணம் என்பதை நோயாளியே நம்ப மறுப்பது உண்டு. ஒருமுறை ஏற்பட்ட இந்த நினைவு பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கிறது. ஒவ்வாமையை மாற்றும் மருந்து கிடையாது. அப்பொருளைத் தவிர்ப்பது ஒன்றே வழி.

சட்டம் எடுத்துக்கொண்ட காலம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்புக்கான விஞ்ஞானக் குழு, 2013ம் ஆண்டு டிசம்பரில் தனது முந்தைய நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. பூசிய பின் தோலிலேயே விட்டுவிடும் பொருட்களில், பாதுகாப்பானது என்று கூறத்தக்க எம்ஐ அளவு எதுவும் நிறுவப்படவில்லை என்று அது தெரிவித்தது. ஷாம்பூ, சோப்புத் திரவம் போன்று கழுவி அகற்றப்படும் பொருட்களில் பத்து லட்சத்தில் 15 பங்கு வரை ஏற்கலாம் என்றது. அதே மாதத்தில், ஐரோப்பிய அழகுசாதன உற்பத்தியாளர் அமைப்பும், கழுவாத பொருட்களில் இருந்து எம்ஐயை விலக்குமாறு தன் உறுப்பினர்களுக்குப் பரிந்துரைத்தது.

ஆனால் தடை நடைமுறைக்கு வர மேலும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கழுவாத பொருட்களில் எம்ஐக்கு விதிக்கப்பட்ட தடை 2017ம் ஆண்டு பிப்ரவரி 12ம் தேதி அமலுக்கு வந்தது. கழுவும் பொருட்களில் 15 பங்கு என்ற வரம்பு 2018ம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. முதல் அனுமதிக்கும் முழுக் கட்டுப்பாட்டுக்கும் இடையில் சுமார் 13 ஆண்டுகள் கடந்திருந்தன. கட்டுப்பாடுகளுக்குப் பிறகு ஐரோப்பிய மருத்துவ மையங்களில் புதிய நோயாளிகளின் விகிதம் குறைந்திருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் ஒவ்வாமைக்கு உள்ளானவர்களின் எண்ணிக்கை அந்தத் தடையால் குறையப் போவதில்லை.

ஃப்ரிபூர்க்கில் நடப்பது என்ன?

ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினர் அல்ல. ஆயினும் 2017ம் ஆண்டு மே 1ம் தேதி நடைமுறைக்கு வந்த அந்நாட்டின் அழகுசாதனப் பொருட்களுக்கான ஒழுங்குவிதி, எந்தப் பதனப் பொருளை எவ்வளவு சேர்க்கலாம் என்பதில் ஐரோப்பியப் பட்டியலையே பின்பற்றுகிறது. விதிகளை வகுப்பது பெர்னில் உள்ள மத்திய அரசு. அவை பின்பற்றப்படுகின்றனவா என்று கண்காணிப்பது மாநிலங்களின் பொறுப்பு. ஃப்ரிபூர்க் மாநிலத்தில், உணவுப் பாதுகாப்புக்கும் கால்நடை விவகாரங்களுக்குமான துறையிடம் இப்பொறுப்பு உள்ளது. நகரை ஒட்டிய ஜிவிசியேயில் இயங்கும் அத்துறை, உணவுப் பொருட்களுடன் அழகுசாதனப் பொருட்களையும் அன்றாடப் பயன்பாட்டுப் பொருட்களையும் கண்காணிக்கிறது.

ஒரு கிரீம் கடைக்கு வருமுன் ஸ்விட்சர்லாந்தில் எந்த அலுவலகமும் அதனைச் சோதித்து அனுமதி வழங்குவதில்லை என்பது இங்கு கவனிக்க வேண்டியது. தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் விற்பனையாளரும் தாங்களே விதிகளுக்கு உட்பட்டு நடக்க வேண்டும் என்பதே அந்நாட்டுச் சட்டத்தின் அடிப்படை. அரசின் ஆய்வாளர்கள் கடைகளில் இருந்து மாதிரிகளை எடுத்துப் பின்னர் சோதிக்கிறார்கள். பெரிய நிறுவனங்களிடம் இதற்கென்று வல்லுநர்கள் இருக்கிறார்கள். சென்னையில் இருந்தோ கொழும்பில் இருந்தோ லண்டன் மொத்த வியாபாரியிடம் இருந்தோ அழகுசாதனப் பொருட்களைத் தருவிக்கும் சிறிய தமிழ்க் கடைக்காரருக்கும் அதே சட்டப் பொறுப்பு உண்டு. ஆனால் அந்த வசதி இருப்பதில்லை.

ஃப்ரிபூர்க் பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய இரு மொழிகளும் வழங்கும் மாநிலம். முதல் தலைமுறைத் தமிழர்கள் பலருக்கு இரண்டில் எதுவும் எளிதாக வரவில்லை. இதில் ஒரு ஆறுதலான விஷயம், அழகுசாதனப் பொருட்களின் சேர்மானப் பட்டியல் இந்த இரு மொழிகளிலும் எழுதப்படுவதில்லை என்பதுதான். உலக அளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரே பெயரில்தான் ஒவ்வொரு சேர்மானமும் குறிப்பிடப்படுகிறது. 'ஐசோதயசோலினோன்' என்று முடியும் பெயரை ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டவர், அதனை ஃப்ரிபூர்க்கிலும் டொரன்டோவிலும் சிங்கப்பூரிலும் ஒரே எழுத்துகளில் காண முடியும்.

தடை எட்டாத இடங்கள்

அழகுசாதனச் சட்டம் அழகுசாதனப் பொருட்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. துப்புரவுத் திரவங்கள், பெயின்ட், பசை ஆகியவை ரசாயனப் பொருட்களுக்கான தனிச் சட்டங்களின் கீழ் வருகின்றன. அங்கு எம்ஐக்குத் தடை இல்லை, எச்சரிக்கை வாசகம் மட்டுமே உண்டு. வலுவான ஒவ்வாமைப் பொருள் என்று ஐரோப்பிய ஒன்றியம் எம்ஐயை வகைப்படுத்திய விதி 2020ம் ஆண்டு மே மாதம் முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, பத்து லட்சத்தில் 15 பங்கோ அதற்கு மேலோ எம்ஐ உள்ள கலவைகளில், தோலில் ஒவ்வாமை ஏற்படுத்தலாம் என்ற வாசகமும், சிவப்புக் கட்டத்துக்குள் ஆச்சரியக் குறியும் இடம்பெற வேண்டும்.

பெயின்ட் விஷயத்தில் சுற்றுச்சூழல் நலனே ஒரு முரண்பாட்டை உருவாக்கியுள்ளது. காற்றை மாசுபடுத்தும் கரைப்பான்கள் கொண்ட பழைய பெயின்ட்டுகளுக்குப் பதிலாகத் தண்ணீர் அடிப்படையிலான பெயின்ட்டுகள் வந்தன. தண்ணீர் இருப்பதால் அவற்றுக்குப் பதனப் பொருள் தேவைப்பட்டது. புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரில் இருந்து எம்ஐ பல வாரங்கள் வரை காற்றில் கலக்கக்கூடும். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர் அந்த அறையில் இருந்தாலே முகத்தில் தடிப்பும், சிலருக்கு மூச்சுத் திணறலும் ஏற்பட்டதாக மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். காரத்தன்மை மிகுந்த சிலிக்கேட் பெயின்ட்டுகளுக்கு இத்தகைய பதனப் பொருள் தேவைப்படுவதில்லை. ஆயினும் வாடகை வீட்டில் எந்தப் பெயின்ட் அடிக்கப்படுகிறது என்பதை அங்கு குடியிருப்பவர் முடிவு செய்வதில்லை.

இலங்கையில் 1983ம் ஆண்டு வன்முறைகளுக்குப் பின்னர் ஸ்விட்சர்லாந்துக்கு வரத் தொடங்கிய தமிழர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இன்று சுமார் 50,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறார்கள். தஞ்சம் கோரியவர்கள் மாநிலங்களின் மக்கள்தொகைக்கு ஏற்பப் பங்கிடப்பட்டதால், பெருநகரங்களுக்கு அப்பாலும் அவர்கள் குடியேறினர். முதல் தலைமுறையினரில் பலர் உணவகங்களிலும் துப்புரவுப் பணியிலும் மருத்துவமனைகளிலும் வேலை செய்தே குடும்பங்களை நிலைநிறுத்தினர். நாள் முழுவதும் கைகள் நனைந்திருக்கும் வேலைகள் இவை. தண்ணீரும் சோப்பும் தோலின் மேற்புறத் தடுப்பை அரித்துவிடுகின்றன. அரிக்கப்பட்ட தோலில் எந்த ரசாயனமும் எளிதில் ஊடுருவும். வேலையில் துப்புரவுத் திரவம், வீட்டில் பாத்திரத் திரவம், குளியலறையில் ஷாம்பூ என ஒரே பொருள் பல வழிகளில் தோலை அடைகிறது. ஒவ்வொரு புட்டியையும் தனித்தனியாக அளந்து பாதுகாப்பு வரம்பு விதிக்கும் முறை, இவை எல்லாம் சேரும் ஒரே கையைக் கணக்கில் கொள்வதில்லை என்பதே இந்த முறை மீது வைக்கப்படும் முக்கிய விமர்சனம்.

வேலையா, தோலா?

ஸ்விட்சர்லாந்தில் ஊழியர்கள் அனைவருக்கும் விபத்துக் காப்புறுதி கட்டாயம். தொழில்சார் நோய்களும் அதில் அடங்கும். பட்டியலிடப்பட்ட பொருட்களோ வேலைகளோ ஒரு நோய்க்கு முழுமையாகவோ பெருமளவிலோ காரணம் என்று நிறுவப்பட்டால், சிகிச்சைச் செலவையும் ஊதிய இழப்புக்கான ஈட்டுத் தொகையையும் காப்புறுதி ஏற்க வேண்டும். லூசர்ன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சூவா நிறுவனம், நாடு முழுவதும் தொழில்சார் நோய்த் தடுப்பை மேற்பார்வை செய்கிறது.

ஆனால் இந்த உரிமைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஒருவர் தொடர்ந்து அதே வேலையைச் செய்தால் உடல்நலத்துக்குத் தீங்கு ஏற்படும் என்று கருதினால், அவர் அந்த வேலைக்குப் பொருத்தமற்றவர் என்று அறிவிக்கும் அதிகாரம் சூவாவுக்கு இருக்கிறது. அவ்வாறு அறிவிக்கப்பட்டவருக்குச் சில இடைக்கால உதவிகள் உண்டு. எனினும் ஐம்பது வயதைத் தாண்டிய, வேறு தொழிற்பயிற்சி இல்லாத, உள்ளூர் மொழியில் தடுமாறும் ஒருவருக்கு, இந்த அறிவிப்பு பாதுகாப்பாகத் தோன்றுவதைவிட அச்சுறுத்தலாகத் தோன்றுவதே இயல்பு. குடியுரிமை பெறாமல் வதிவிட அனுமதியுடன் வாழ்பவருக்கு, வருமானம் இழந்து சமூக உதவியை நாட நேர்ந்தால் அது அனுமதிப் புதுப்பிப்பைப் பாதிக்குமோ என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது. கை வெடிப்பை மறைத்து, கையுறையை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர இவை போதுமான காரணங்கள். அவ்வாறு தாமதிக்கும்போது, எளிதில் அடக்கக்கூடிய அழற்சி நாட்பட்ட கரப்பானாக மாறிவிடும் ஆபத்து உள்ளது.

நோயைக் கண்டறிவதிலும் ஒரு சிக்கல் உண்டு. மருத்துவ நூல்கள் தோல் அழற்சியைச் சிவந்த நிறத்தைக் கொண்டே நெடுங்காலமாக விவரித்து வந்துள்ளன. கருமையான தோலில் அந்தச் சிவப்பு தெளிவாகத் தெரிவதில்லை. அது சாம்பல் அல்லது ஊதா கலந்த நிறமாகவோ, ஆறிய பின் நீடிக்கும் கரும்படலமாகவோ தோன்றலாம். அந்தக் கரும்படலத்தை நீக்குவதற்காக மேலும் ஒரு கிரீமைப் பூசத் தொடங்குபவர், சேர்மானத்தைப் பாராவிட்டால், நோயின் காரணத்தையே மீண்டும் தோலில் தேய்ப்பவராகவும் ஆகிவிடலாம்.

உறுதியான விடையைத் தருவது முதுகில் செய்யப்படும் ஒட்டுச் சோதனையே. சந்தேகத்துக்குரிய பொருட்கள் சிறு அளவில் முதுகில் ஒட்டப்பட்டு, இரண்டு நாட்களுக்குப் பின் அகற்றப்படுகின்றன. அன்றும், மேலும் சில நாட்கள் கழித்தும் தோல் பரிசோதிக்கப்படுகிறது. எம்ஐ இப்போது ஐரோப்பாவின் அடிப்படைச் சோதனைப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. நோயாளி தாம் பயன்படுத்தும் கிரீம், ஷாம்பூ, துப்புரவுத் திரவம் ஆகியவற்றின் புட்டிகளையும் எடுத்துச் சென்றால் காரணத்தை அறிவது எளிதாகிறது. மொழி தெரியாத நோயாளிக்கு அந்தப் புட்டிகளே பாதி வாக்குமூலம்.

எல்லை கடந்து வரும் பொருட்கள்

ஐரோப்பியத் தடை உலகத் தடை அல்ல. அமெரிக்காவில் அழகுசாதனப் பொருட்களில் எம்ஐக்கு மத்திய அரசின் தடை இல்லை. ஒவ்வாமையை உண்டாக்காத வகையில் தயாரித்தால் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை பயன்படுத்தலாம் என்பதே அங்குள்ள துறைசார் மதிப்பீட்டுக் குழுவின் நிலைப்பாடு. வட அமெரிக்க மருத்துவ மையங்களின் அண்மைக்காலச் சோதனை முடிவுகளில், நிக்கல் உலோகத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேரிடம் கண்டறியப்பட்ட ஒவ்வாமைப் பொருட்களில் ஒன்றாக எம்ஐ இருந்தது. தடை விதித்த ஐரோப்பாவில் விகிதம் இறங்கியதையும், விதிக்காத இடத்தில் அது உயர்ந்தே நின்றதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சட்டம் என்ன செய்ய முடியும் என்பது தெளிவாகிறது.

இந்தியாவில் 2020ம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகள் நடைமுறையில் உள்ளன. புலம்பெயர்ந்த தமிழர்களின் குளியலறைகளில் பல நாடுகளின் பொருட்கள் ஒன்றாக நிற்பது வழக்கம். ஊருக்குப் போய்வரும்போது பெட்டியில் வந்தவை, உறவினர் அனுப்பியவை, இணையத்தில் வாங்கியவை என அவை பலவகை. கடையில் விற்கப்படும் பொருளை மாநில ஆய்வாளர் சோதிக்க முடியும். சொந்த உபயோகத்துக்காகப் பெட்டியில் வருவதை எவரும் சோதிப்பதில்லை. மூலிகை, ஆயுர்வேதம், இயற்கை என்ற சொற்கள் முன்பக்கத்தில் இருந்தாலும், தண்ணீர் கலந்த பூச்சு என்றால் அதில் ஏதேனும் ஒரு பதனப் பொருள் இருக்கவே செய்யும். அது எது என்பதைச் சொல்வது பின்பக்கத்துப் பட்டியல்தான்.

அடுத்த பொருள் எது?

எம்ஐயின் வரலாறு ஒரே ஒரு ரசாயனத்தின் வரலாறு அல்ல. ஒரு பதனப் பொருள் ஒவ்வாமை காரணமாக விலக்கப்பட்டது. மற்றொன்று நிரூபிக்கப்படாத அச்சம் காரணமாகப் பெயர் கெட்டது. அவ்விரண்டின் இடத்துக்கு வந்தது, அவற்றைவிடப் பெரிய அலையை உருவாக்கியது. எம்ஐயை ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்த அதே அமெரிக்கச் சங்கம், 2019ம் ஆண்டில் பாரபென்களை 'ஆண்டின் ஒவ்வாமை தராத பொருள்' என்று அறிவித்தது. ஒவ்வாமையைப் பொறுத்தவரை, கடைகளில் இருந்து விரட்டப்பட்டதே பாதுகாப்பானதாக இருந்தது என்பது அதன் பொருள். பாரபென்களில் சிலவற்றை ஐரோப்பிய ஒன்றியம் 2014ம் ஆண்டில் தடை செய்தும், சிலவற்றின் அளவைக் குறைத்தும் இருப்பதால், அக்குடும்பம் முழுவதற்கும் அது நற்சான்று ஆகாது.

பதனப் பொருட்கள் ஒன்றன் இடத்தில் ஒன்றாக மாறிக்கொண்டே இருக்கும் என்றே நிபுணர்கள் கருதுகிறார்கள். துப்புரவுத் திரவங்களிலும் பெயின்ட்டுகளிலும் எம்ஐயின் நெருங்கிய உறவான பென்சைசோதயசோலினோன் இப்போதே பரவலாக உள்ளது. அப்பொருளும் ஒவ்வாமை தரக்கூடியதே.

டென்மார்க்கின் தொழிலாளர்கள் 2006ம் ஆண்டிலேயே தந்த எச்சரிக்கை, கிரீம் வாங்குபவர்களைக் காக்கும் சட்டமாக மாற பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்தச் சட்டம் இன்று ஃப்ரிபூர்க்கின் அழகுசாதன அலமாரியைக் காக்கிறது. முதலில் பாதிக்கப்பட்டவர்கள் கையாண்ட பெயின்ட்டும் திரவங்களும் அந்தச் சட்டத்துக்கு வெளியிலேயே இருக்கின்றன. இரவில் அலுவலகங்களைத் துடைப்பவர்களின் கைகளுக்கும் அதே பாதுகாப்பு எப்போது கிடைக்கும் என்பதற்கு ஐரோப்பாவோ ஸ்விட்சர்லாந்தோ இன்னும் பதில் கூறவில்லை.